வாலடிப் பை

அன்று கொட்டகையில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். பின்னால் ஆளாளுக்கு ‘நானும் இருந்தேன், நான்தான் சொன்னேன்’ என்று வருவார்கள். வந்தும் இருக்கிறார்கள்.

நான். பெயர் செல்லம்மா. ஊர் பூலாம்பாடி. கோழிக்குத் தடுப்பு மருந்து போடும் பெண்கள் குழுவுக்கு அப்போது மேஸ்திரி.

லூர்துமேரி. வரதராசன்பேட்டைக்காரி. என் குழு. கை சுத்தம், வாய் சுத்தமில்லை.

ஜமால் பாய். லெப்பைக்குடிக்காடு. கொட்டகைக்குச் சொந்தக்காரர். பாதி வயசை ரியாத்தில் விட்டுவிட்டு வந்தவர்.

நூர்ஜஹான். அவர் மனைவி. கோழியை வளர்த்தது இவள்.

கம்பெனி சூப்பர்வைசர். பெயர் எழுதவில்லை. எழுதினால் பெருமைப்படுவான்.

டாக்டரம்மா. கோழி டாக்டர். என் பேரைப் போடாதே என்று சொல்லிவிட்டார். போடவில்லை.

நாட்டுக்கோழி ரகத்தில் இரண்டாயிரம். அதில் செத்தது போக மீதி.

இப்போது நீங்கள். குழுவுக்குப் புதிதாக வந்திருக்கிற பெண்கள், சூப்பர்வைசராக வந்திருக்கிற பையன்கள். பெரம்பலூரில் ஏசி ஹாலில் உட்கார வைத்து உங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்களாம். பிரியாணியும் போட்டார்களாம். போனவர்கள் எல்லாரும் பாஸ். ஒருத்தர்கூட ஃபெயில் இல்லை. கையில் சான்றிதழோடு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறீர்கள். பார்த்தேன். சிரிப்பு வந்தது. ஏன் வந்தது என்று கீழே எழுதியிருக்கிறேன்.

நான் எட்டாவது வரை. எழுதச் சொன்னது லூர்துமேரி. இப்போது அவள்தான் மேஸ்திரி. ‘இதுங்க நான் சொன்னா கேக்கறதில்லக்கா, எழுதிக் குடுத்தா படிக்குமோ என்னவோ’ என்றாள். படிக்கமாட்டீர்கள். இருந்தாலும் எழுதுகிறேன்.

கண்ணில் சொட்டு விடுவது எப்படி, ஐஸ் பெட்டி எப்படிப் பிடிப்பது, இதெல்லாம் எழுதப்போவதில்லை. அது கை வேலை. குரங்குக்குப் பழக்கினாலும் வரும். எப்போது மருந்தைத் திறக்கக்கூடாது என்பது குரங்குக்கு வராது. சூப்பர்வைசருக்கும் வராது.

நடந்தது இது.

ஜமால் பாய் கொட்டகை வெள்ளாற்றுப் பக்கம். ஒரே கொட்டகைதான். நடுவே இடுப்பளவு சுவர், அதற்கு மேல் கம்பிவலை. இடப்பக்கம் ஆயிரம், வலப்பக்கம் ஆயிரம். குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியுடையது. கொட்டகையும் உழைப்பும் பாயுடையது. கோழி வளர்ந்தால் கம்பெனி எடுத்துக்கொண்டு கூலி கொடுக்கும். கோழி செத்தால் யார் தப்பு என்று கேட்கும். எப்போதும் ஒரே பதில்தான் எழுதும். வளர்ப்பவர் தப்பு.

கோழிகளுக்கு அப்போது ஐந்து வாரம் வயசு. வெள்ளைக்கழிச்சலுக்கு நாங்கள் இரண்டு தடவை சொட்டு விட்டிருந்தோம். விட்டது லூர்துமேரியும் நானும் இன்னும் இரண்டு பேரும். நான் பார்த்து விட்டது. அதில் சந்தேகம் இல்லை.

ஆனாலும் கழிச்சல் வந்துவிட்டது. இடப்பக்கம் மட்டும். காலையில் நூர்ஜஹான் போன் செய்தாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கழுத்தைத் திருகிக்கொண்டு பாதி, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு பாதி. செத்ததைச் சாக்கில் கட்டி வாசலில் வைத்திருந்தார் பாய். வலப்பக்கம் ஒன்றும் சாகவில்லை. தீவனம் தின்றுகொண்டிருந்தன.

சூப்பர்வைசர் பைக்கில் வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்றான்.

“என்ன பாய், மருந்து செத்துப்போற மாதிரி தண்ணியில பிளீச்சிங் பவுடர் கலந்தீங்களா?”

“இல்ல தம்பி. மருந்து குடுக்கற அன்னிக்குக் கிணத்துத் தண்ணிதான். நீங்க சொன்ன மாதிரிதான்.”

“அப்ப ஊசிக்காரங்க சரியா போடல.”

லூர்துமேரிக்குப் பொறுக்கவில்லை. “சார், அன்னிக்கு நீங்க இருந்தீங்கல்ல? வாசல்ல நின்னு போட்டோ எடுத்துட்டு டீ குடிக்கப் போனீங்களே, அன்னிக்கு.”

“ஏய், வாய மூடு.”

“மாஸ்க் போட்டிருக்கேன் சார். மூடித்தான் இருக்கு.”

அவனுக்கு முகம் சிவந்தது. பைக்கில் கட்டி வந்த தெர்மாகோல் பெட்டியை அவிழ்த்து என் முன்னால் வைத்தான்.

“ஏம்மா, இதுல மருந்து இருக்கு. ரெண்டு பக்கத்துக்கும் இன்னொரு டோஸ் போட்டுடுங்க. ஊசியாவே போட்டுடுங்க. நான் போட்டோ எடுத்து மேல அனுப்பணும். ஒரு மணிக்குள்ள அனுப்பலன்னா என்னைக் கேள்வி கேப்பாங்க.”

பாய் என்னைப் பார்த்தார். நூர்ஜஹான் என்னைப் பார்த்தாள். ஏதாவது செய்தால் போதும் என்கிற பார்வை. நீங்களும் பார்ப்பீர்கள் இந்தப் பார்வையை. கோழி சாகிற இடத்தில் எல்லார் கண்ணிலும் இருக்கும். அதற்குப் பயந்துதான் பாதித் தப்பு நடக்கிறது.

நான் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டேன்.

“என்னம்மா பண்றீங்க?”

“உக்காந்திருக்கேன்.”

“எந்திரிங்க. மருந்து போடணும்.”

“போட்ட மருந்தே புடிக்கல. ஏன் புடிக்கலன்னு தெரியாம இன்னொண்ணு எதுக்கு? இந்தப் பக்கம் புடிச்ச கையோட அந்தப் பக்கம் போனா நல்லதும் சாவும். டாக்டரம்மா வராங்க. அறுத்துப் பாக்கட்டும்.”

“டாக்டர யாரு கூப்பிட்டா?”

“நான்தான்.”

“அடுத்த மாசத்துல இருந்து உங்க குழுவுக்கு லைன் கிடையாது. தெரிஞ்சுக்கங்க.”

“சரி.”

அவ்வளவுதான் பேசினேன். அதற்குமேல் பேசினால் அவன் பேசுவான். லைன் என்றால் கம்பெனி பிரித்துக் கொடுக்கிற கொட்டகைகள்; அது போனால் நாலு பெண்களுக்கு வேலை போகும். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்தேன். பெட்டியில் ஐஸ் இருந்தது, உட்காரக் குளிர்ச்சியாக இருந்தது.

பாயின் போன் அடித்தது. எடுத்தார். தள்ளிப்போய்ப் பேசினார். காது கேட்கும் தூரம்தான்.

“இருங்க மாப்ள, சாயங்காலம் சொல்றேன். இன்னிக்கேதான் சொல்லிடறேன். இன்ஷா அல்லாஹ்.”

வைத்துவிட்டு வந்தார். யாரும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

“ரியாத்துலேர்ந்து நம்ம மச்சினன். கடைக்கு ஆள் வேணுமாம். ஒரு விசா வெச்சிருக்கான். இன்னிக்குள்ள ஆமாவா இல்லையான்னு சொல்லணும். இல்லன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவான். போன தடவையும் கோழி போச்சு. இதுவும் போச்சுன்னா கம்பெனி குஞ்சு எறக்காதுக்கா. நான் கெளம்ப வேண்டியதுதான்.”

நூர்ஜஹான் சாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முன்பு ஒருநாள் சொட்டு விட்டு முடித்துக் கை கழுவும்போது என்னிடம் சொல்லியிருக்கிறாள். ‘அவருக்குக் கொழம்புல எவ்வளவு உப்பு வேணும்னு இந்த வருசந்தான் அக்கா தெரிஞ்சுக்கிட்டேன்.’ கல்யாணமாகி மூத்தவளுக்கு நிக்காஹ் பேசுகிற வயசு. உப்பு இப்போதுதான் தெரிந்திருக்கிறது.

டாக்டரம்மா ஸ்கூட்டரில் வந்தார். அரியலூர் ரோட்டில் சிமெண்ட் லாரிக்குப் பின்னால் வந்ததில் தலையெல்லாம் வெள்ளை. இறங்கியதும் ஒரு கேள்வி கேட்டார்.

“யாராவது ஏதாவது போட்டீங்களா?”

“இல்ல. பெட்டி மேல உக்காந்திருக்கேன்.”

“நல்லது.”

பாராட்டு அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவை.

செத்ததில் நாலு, சாகப்போவதில் நாலு எடுத்து அறுத்தார். நான் பிடித்துக் கொடுத்தேன். சூப்பர்வைசர் கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விட்டான். கோழிக் கம்பெனியில் வேலை. கோழிக் குடல் ஆகாது. இவனுக்கும் சான்றிதழ் உண்டு.

இரைப்பையைப் பார்த்தார். குடலைப் பார்த்தார். கழிச்சல்தான். பிறகு கோழியைத் திருப்பி வாலடியைக் கீறினார். எச்சம் போகும் துவாரத்துக்கு மேலே ஒரு பை இருக்கும். அதைத் தேடினார். எட்டிலும் தேடினார். எட்டிலும் இருந்தது. உளுந்தம்பருப்பு அளவுக்கு.

“ஜமால் பாய், இங்க வாங்க,” என்றார். “இது மண்ணீரல். இது அந்தப் பை. இந்த வயசுக் கோழிக்கு இந்தப் பை மண்ணீரல விடப் பெருசா இருக்கணும். கோலிக்குண்டு மாதிரி. இப்பப் பாருங்க.”

பாய் குனிந்து பார்த்தார். “இது இல்லன்னா என்ன டாக்டர்? ஈரலு இல்ல, இருதயம் இல்ல. வாலடியில ஒரு பை.”

டாக்டரம்மா சொன்னார். எப்போதும் சொல்வதுதான். நான் பல கொட்டகையில் கேட்டிருக்கிறேன். என் வார்த்தையில் எழுதுகிறேன். இதை மட்டுமாவது படியுங்கள்.

உடம்பில் கிருமியோடு சண்டை போடுகிற செல்லில் ஒரு வகைக்குப் பெயர் பி செல். அந்த ‘பி’ வந்ததே இந்தப் பையின் இங்கிலீஷ் பெயரின் முதல் எழுத்தில் இருந்துதான். கோழியில்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். மனுஷனுக்கு இந்தப் பை கிடையாது. நமக்கு எலும்பு மஜ்ஜையில் நடக்கிற வேலை. சாகிற வரைக்கும் நடக்கும். கோழிக்கு அப்படி இல்லை. குஞ்சு முட்டைக்குள் இருக்கும்போதே ஒன்றும் தெரியாத செல்கள் ரத்தத்தில் வந்து இந்தப் பைக்குள் நுழையும். நுழைந்ததும் பெருகும். ஒவ்வொன்றின் மேலும் ஒரு கொக்கி முளைக்கும். ஒரு செல்லுக்கு ஒரு மாதிரிக் கொக்கி. அதில் ஏதோ ஒரு கிருமிதான் மாட்டும். எந்தக் கிருமி வரப்போகிறது என்று தெரியாமலே விதவிதமாகக் கொக்கி செய்துகொண்டிருக்கும்.

கொக்கி ஒழுங்காய் வராத செல் அங்கேயே செத்துப்போகும். சொந்த உடம்பிலேயே போய் மாட்டுகிற கொக்கி என்றால் அதற்கும் வழி கிடையாது. உள்ளே இருப்பதில் பெரும்பாலானது வெளியே வராது. தேறியது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம்தான் வெளியே வந்து மண்ணீரலிலும் குடலிலும் போய் உட்கார்ந்து காத்திருக்கும். அது ஒன்றும் பிரியாணி போட்டுச் சான்றிதழ் கொடுக்கிற இடம் இல்லை. உங்கள் போட்டோவைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது இதனால்தான்.

நாம் மருந்து போடுகிறோமே, அது கிருமியின் சாயல். அது உள்ளே போனதும் எந்தச் செல்லின் கொக்கி அதில் மாட்டுகிறதோ அந்தச் செல் முதிர்ந்து பெருகும். பாதி எதிர்ப்புப் பொருளை ஊற்றும். மீதி ஞாபகம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நிஜக் கிருமி வந்தால் உடனே எழுந்திருக்கும். கோழி வளர்ந்து பெரிசாகும்போது பை தானாகவே சுருங்கிப் போகும். அதற்குள் வேண்டிய ஆட்களை வெளியே அனுப்பியிருக்கும்.

அனுப்புவதற்கு முன்னால் பை வெந்துபோனால் ஆள் கிடையாது. வெளியே பார்த்தால் கோழி நன்றாக இருக்கும். தின்னும், ஓடும், கொத்தும். உள்ளே காலி. அதற்கு எத்தனை சொட்டு விட்டாலும் ஒன்றுதான், விடாவிட்டாலும் ஒன்றுதான். மருந்து காப்பாற்றாது பிள்ளைகளா. மருந்து கூப்பிடும். வருவதற்கு உள்ளே ஆள் இருக்கவேண்டும்.

இந்தப் பையைத் தேடி வந்து தின்கிற நோய் ஒன்று உண்டு. கம்போரோ. உங்களுக்குப் பெயர் தெரியும். பெயர் மட்டும் தெரியும்.

“அப்ப கம்போரோதான் வந்திருக்கா டாக்டர்?” என்றார் பாய். “அதுக்கும்தான் மருந்து குடுத்தமே. ரெண்டாவது வாரம், கம்பெனி குடுத்தது.”

“வந்திருந்தா ரெண்டு பக்கமும் வந்திருக்கும்,” என்றார் டாக்டரம்மா. “நடுவுல வலைதானே இருக்கு. இந்தப் பக்கம் மட்டும் ஏன் இப்படின்னு எனக்குப் புரியல. வேற ஏதாவது குடுத்தீங்களா? டானிக், மூலிகை, எதுவா இருந்தாலும் சொல்லுங்க.”

“ஒண்ணும் குடுக்கல.”

“யோசிச்சு சொல்லுங்க.”

“அல்லா மேல ஆணையா ஒண்ணும் குடுக்கல டாக்டர்.”

“நான் குடுத்தேன்,” என்றாள் நூர்ஜஹான்.

பாய் திரும்பினார்.

“என்னத்தக் குடுத்தே?”

“கம்போரோ மருந்துதான். ஒரு பாட்டில். டவுன்ல போய் வாங்கினேன்.”

“எப்ப?”

“குஞ்சு வந்து ஒரு வாரம் இருக்கும். தீவன வண்டி டிரைவர் சொன்னாரு, ஆத்துக்கு அந்தாண்ட கொட்டகையில கம்போரோ விழுந்து மொத்தமும் போச்சுன்னு. எனக்கு ஈரக்கொல நடுங்கிடுச்சு. கம்பெனி மருந்து வர இன்னும் ஒரு வாரம் இருக்கு. அதுக்குள்ள வந்துட்டா? கடைக்காரர்கிட்ட இருக்கறதுலயே நல்ல மருந்தாக் குடுங்கன்னேன். இது கொஞ்சம் வீரியமானதுன்னு குடுத்தாரு. பிளாஸ்க்ல ஐஸ் போட்டு மடியில வெச்சு பஸ்ல கொண்டாந்தேன். பால் பவுடர் கலந்து, தண்ணி காட்டாம வெச்சிருந்து, அப்புறம் குடுத்தேன். எல்லாம் ஒழுங்காத்தான் செஞ்சேன். பாட்டில் ஆயிரம் கோழிக்குத்தான் இருந்துச்சு. இந்தப் பக்கத்துக்குக் குடுத்தேன். அந்தப் பக்கத்துக்கு மறுநா வாங்கலாம்னு இருந்தேன். நீங்க மறுநா வூட்லயே இருந்துட்டீங்க. போக முடியல.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா, கம்பெனிக்குத் தெரியாம எதுக்குன்னு சண்ட போடுவீங்க.”

கோழிதான் கத்திக்கொண்டிருந்தது.

இங்கே நீங்கள் ஒன்றைப் பார்க்கவேண்டும். கம்பெனி வண்டியில் மருந்து பாதி நாள் ஐஸ் உருகித்தான் வரும். அது செத்த மருந்து. போட்டாலும் ஒன்றுதான், கீழே ஊற்றினாலும் ஒன்றுதான். இவள் மடியில் வைத்துக் கொண்டுவந்ததோ உயிருள்ள மருந்து. தடுப்பு மருந்து என்பதே இளைத்துப்போன கிருமிதான். வீரியமான ரகம் என்றால் அவ்வளவாக இளைக்காத கிருமி. தாய்க்கோழியிடம் இருந்து மஞ்சள் கருவில் காப்பு நிறைய வந்திருந்தால் அது இந்த மருந்தை அடக்கியிருக்கும். இந்தக் குஞ்சுகளுக்குத் தாய் கொடுத்தது கொஞ்சம். அதனால் மருந்து நேரே பைக்குப் போய்விட்டது. கொக்கி முளைக்காத செல்லையெல்லாம் வேகவைத்துவிட்டது. ஒழுங்காகக் கொண்டுவந்ததால் வந்த வினை. அலட்சியமாகக் கொண்டுவந்திருந்தால் கோழி பிழைத்திருக்கும்.

இன்னொன்று. கொட்டகை வாசலில் ஓதிக் கட்டிய கறுப்புக் கயிறு ஒன்று தொங்கும். அதுவும் நூர்ஜஹான் கட்டியதுதான். சூப்பர்வைசர் வரும்போதெல்லாம் அதைப் பார்த்துச் சிரிப்பான். அந்தக் கயிறு ஒரு கோழியையும் கொல்லவில்லை. அவன் சிரிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

வேப்பமரத்தடியில் இருந்து அவன் வந்துவிட்டான். இப்போது கர்ச்சீப் கையில் இல்லை. முகத்தில் தெளிச்சி.

“கேட்டீங்களா டாக்டர்! நான் அப்பவே சொன்னேன். வளக்கற பார்ட்டி தப்பு. கம்பெனி ஷெட்யூல மீறி மருந்து குடுத்திருக்காங்க. மொத்தத்தையும் முடிச்சுடலாம். நான் ரிப்போர்ட் போட்டுடறேன்.”

“நீங்க அப்ப சொன்னது பிளீச்சிங் பவுடர்,” என்றாள் லூர்துமேரி.

டாக்டரம்மா அவனைப் பார்த்தார். “ஆத்துக்கு அந்தப் பக்கம் கம்போரோ விழுந்தது உங்க லைன்லதானே?”

“ஆமா டாக்டர்.”

“இவங்களுக்குச் சொன்னீங்களா?”

“பீதியாகக் கூடாதுன்னு மேல சொல்லச் சொல்லல.”

“டிரைவர் சொல்லிட்டாரு. பீதியாகிட்டாங்க. நீங்க சொல்லியிருந்தா, எப்ப எந்த மருந்துன்னும் சேத்து சொல்லியிருப்பீங்க. அதையும் ரிப்போர்ட்ல போட்டுக்கங்க.”

அவன் போனைப் பார்த்தான். போனில் ஒன்றும் இல்லை. இவர்களுக்குப் பதில் இல்லாதபோது போனைப் பார்ப்பார்கள். நீங்களும் பார்க்கிறீர்கள். லூர்துமேரி சொன்னாள்.

நூர்ஜஹானை நான் திட்டவில்லை. நல்ல மனசு என்பதால் இல்லை. திட்டுகிற நேரம் அது இல்லை. தப்பு யாருடையது என்று தெரிந்ததும் எல்லாருக்கும் வேலை முடிந்த மாதிரி ஒரு நிம்மதி வரும். வேலை அப்போதுதான் ஆரம்பம். வலப்பக்கம் ஆயிரம் கோழி நின்றுகொண்டிருக்கிறது. அதை என்ன செய்வது?

டாக்டரம்மா பாயைக் கூப்பிட்டுச் சொன்னார்.

“இடப்பக்கத்த விட்டுடுங்க. அது தேறாது. இன்னிக்கே முடிச்சு, குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடணும். வலப்பக்கம் இப்ப நல்லாத்தான் இருக்கு. ஆனா கழிச்சல் காத்துலயே போகும். ரெண்டு நாள்ல அங்கயும் வரும். பை நல்லா இருந்தா இவங்க விட்ட சொட்டு வேல செஞ்சிருக்கும், கோழி நிக்கும். பை போயிருந்தா ஒண்ணும் நிக்காது.”

“அந்தப் பக்கத்துக்குத்தான் அந்த மருந்து குடுக்கலையே டாக்டர்.”

“குடுக்கல. ஆனா அந்த மருந்து எச்சத்துல வெளிய வரும். வலையத் தாண்டிப் போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம். வெளிய பாத்துச் சொல்ல முடியாது. பத்துக் கோழிய அறுக்கணும். ஏழுல பை நல்லா இருந்தா அந்தப் பக்கத்த வெச்சுக்கலாம், நான் எழுதித் தரேன், கம்பெனி கேட்டுத்தான் ஆகணும். ஏழுக்குக் கீழன்னா இன்னிக்கே அதையும் முடிச்சிடுங்க. இல்லன்னா இங்க செத்து, அடுத்த கொட்டகைக்கும் போகும்.”

பாய் வலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார், “ஏழு இருந்தா நான் இங்க இருக்கேன். இல்லன்னா மச்சினனுக்குப் போன் போட்டுடறேன்.” அதை நூர்ஜஹான் பக்கம் பார்த்துச் சொல்லவில்லை. கோழியைப் பார்த்துச் சொன்னார்.

பத்தையும் பிடிப்பது எங்கள் வேலை. நாங்கள் குளித்து, துணி மாற்றி, வேறு செருப்பு போட்டுக்கொண்டு வந்தோம். இதற்கே அரை மணி. சூப்பர்வைசர் வாட்சைத் தட்டிக் காட்டினான். தட்டட்டும்.

உள்ளே போனதும் மூலையில் குறுகி நின்ற ஒன்றைக் காட்டினான். “அதப் புடிங்க. அந்த நோஞ்சான. அப்புறம் அது பக்கத்துல நிக்கறது.”

நூர்ஜஹான் வலைக்கு வெளியே நின்று, “அக்கா, அந்தச் செவலையப் புடிங்கக்கா. அது நல்லாத் தின்னும்,” என்றாள்.

இதுதான் பிள்ளைகளா இடம். இங்கேதான் ஆள் வழுக்குவது. அவனுக்கு மொத்தமும் போகவேண்டும். போனால் கணக்கு முடிந்தது, பழி பாய் மேல். அவளுக்கு மொத்தமும் நிற்கவேண்டும். அவன் நோஞ்சானைப் பிடிக்கச் சொல்வான், அவள் கொழுத்ததைப் பிடிக்கச் சொல்வாள். இரண்டு பேருக்கும் பையின் நிலைமை வேண்டியதில்லை. அவரவர் பதில்தான் வேண்டும்.

எனக்கும் ஒரு பதில் வேண்டியிருந்தது. அதனால் நான் பிடிக்கவில்லை.

“லூர்து, நீ புடி. நாலு மூலையிலயும் ரெண்டு ரெண்டு, நடுவுல ரெண்டு. கூட்டத்துல கைய விடு. மொதல்ல கையில வர்றதத் தூக்கு. மூஞ்சியப் பாக்காத.”

“மூஞ்சி பாத்துப் புடிக்க நான் என்ன மாப்பிள்ளையா பாக்கறேன்,” என்றாள். சொன்னபடி பிடித்தாள். நோஞ்சான் ஒன்று வந்தது. செவலை வரவில்லை. பத்தும் கூடையில் ஏறியது.

டாக்டரம்மா கத்தியைத் துடைத்தார். பாய் கையை நீட்டினார்.

“நல்லா இருக்கற உசுர அறுக்கறது. என் கோழி. நானே அறுத்துத் தரேன்.”

டாக்டரம்மா கொடுத்தார். பாய் கொட்டகைக்கு வெளியே, எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் காட்டினார். பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்தார். அவசரப்படவில்லை. லூர்துமேரி ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தாள். டாக்டரம்மா வாலடியைக் கீறிப் பையை எடுத்தார். நான் அதே கோழியின் மண்ணீரலை அதன் பக்கத்தில் வைத்தேன். ஒரு எவர்சில்வர் தட்டு. பை ஒன்று, மண்ணீரல் ஒன்று, ஜோடி ஜோடியாக.

முதல் பை கோலிக்குண்டு. வெளுப்பாக, வரி வரியாக, பார்க்கவே நன்றாக இருந்தது. இரண்டாவதும் அப்படி. நூர்ஜஹான் பக்கத்தில் வந்து நின்றாள். மூன்றாவது உளுந்தம்பருப்பு. அவள் போய்விட்டாள்.

நோஞ்சான் வந்தது. சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தான். கர்ச்சீப் ஞாபகம் வரவில்லை. அதற்குப் பை நன்றாக இருந்தது. “அது எப்படி?” என்றான். அது தீவனத்துக்கு முந்தத் தெரியாத கோழி. பைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நான் சொல்லவில்லை. அவன் கேட்டது என்னை இல்லை.

பிறகு வந்ததில் ஒன்று மண்ணீரல் அளவே இருந்தது. பெரிசும் இல்லை, சின்னதும் இல்லை. டாக்டரம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாயங்காலம் ஆகியிருந்தது. பாயின் போன் சாக்கு மேல் கிடந்து அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. பாய் கையில் ரத்தம். எடுக்கவில்லை. நூர்ஜஹானும் எடுக்கவில்லை.

“இத என்னன்னு வெக்கறது டாக்டரம்மா?” என்றேன்.

“நீ என்ன நெனக்கறே?”

“நான் நெனக்கறதுக்கு இல்லைங்க. பெருசா இருந்தா நல்லதுன்னீங்க. இது பெருசா இல்ல.”

“இல்ல,” என்றார். “தள்ளி வை.”

தள்ளி வைத்தேன். நூர்ஜஹான் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதவேண்டியதில்லை. நீங்கள் இந்த வேலையில் இருந்தால் உங்களுக்கும் கிடைக்கும். கிடைக்கிற அன்றைக்குத் தட்டில் இருப்பதை இருக்கிறபடி வையுங்கள். இரக்கப்பட்டு ஒன்றை இந்தப் பக்கம் தள்ளினால் கழிச்சல் இரக்கப்படாது. இதற்குப் பயிற்சி கொடுக்க ஏசி ஹால் கிடையாது.

பத்தாவதும் முடிந்தது. பாய் கையைக் கழுவினார். துண்டில் துடைத்தார். போன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை கையில் எடுத்துக்கொண்டார். பேசவில்லை. அடிக்க விட்டுக்கொண்டு என் பக்கம் வந்து நின்றார். தட்டைப் பார்க்கவில்லை.

“நல்லது எத்தனைன்னு எண்ணிச் சொல்லுங்கக்கா.”

எண்ணினேன். டாக்டரம்மாவும் எண்ணினார். லூர்துமேரி வாயைத் திறக்காமல் எண்ணினாள்.

எட்டு.